கிராணி பார்க்காத கைநாட்டு

பகாவ் டவுனிலிருந்து ஒன்பதாவது மைல் கட்டையில் இருந்த ரப்பர்த் தோட்டத்தில் கணேசமூர்த்தி கிராணி இரண்டே பேருக்குத்தான் பயப்படுவார். ஒருவர் மேனேஜர். மற்றவள் ராக்கம்மா. மேனேஜர்களாவது மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றலாகிப் போய்த் தொலைவார்கள். ராக்கம்மா எங்கேயும் போகவில்லை.

ஆபீஸ் குமாஸ்தாவைத்தான் தோட்டத்தில் கிராணி என்பார்கள். பத்தொன்பது வயதில், அண்ணனுடைய சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு சின்னக் கிராணியாக வந்து சேர்ந்த முதல் நாளே, ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்தில் அவர் அவளிடம் மாட்டிக்கொண்டார். அவள் வாளியைத் தராசில் மாட்டிவிட்டு முள்ளையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அவர் எண்ணைச் சொன்னார். "இன்னொருக்கா பாருங்க கிராணியாரே, முள்ளு இன்னும் ஆடுது" என்றாள். பார்த்தார். அரை ராத்தல் கூடுதலாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து இருபத்தொன்பது வருஷம் அவளுடைய வாளியை மட்டும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்.

அதற்காக அவர்களுக்குள் பகை என்று நினைத்துவிடக் கூடாது. அவளுடைய புருஷன் இறந்தபோது காரியம் முடியும் வரை ஓடியாடியவர் கிராணி. கிராணியின் மனைவி மங்கம்மாவுக்குப் பிரசவம் சிக்கலானபோது, தோட்டத்து லாரியில் ஏறி உட்கார்ந்து, குவாலா பிலா ஆஸ்பத்திரி வரைக்கும் மடியில் தாங்கிக்கொண்டு போனவள் ராக்கம்மா. தன்னைவிட ஏழு வருஷம் மூத்தவளை அவர் 'நீ' என்றுதான் சொல்வார்; அது கிராணி உத்தியோகத்தின் பழக்கம். அவள் 'நீங்க' என்று மரியாதை குறையாமல் அவரைக் கிழிகிழியென்று கிழிப்பாள். அது அவளுடைய பழக்கம்.

எழுபத்தெட்டாம் வருஷத்தில் அவளுக்கு ஐம்பத்தைந்து வயதாகி, சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. அதைத் தகர டின்னில் போட்டு வைக்கப் போவதாகச் சொன்னவளைப் பிடிவாதமாகப் பஸ் ஏற்றி, பகாவ் பேங்குக்கு அழைத்துப் போய்க் கணக்குத் திறந்து வைத்தவரும் கிராணிதான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். வலது பெருவிரலை மையில் ஒற்றி அட்டையில் வைத்தால் வெறும் கறுப்புத்தான் விழுந்தது, ஒரு ரேகைகூட இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி வரச் சொன்னார்கள். அப்போதும் அதே கதைதான். முப்பத்தெட்டு வருஷம் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் உரித்து, பால் ஸ்டோரில் ஆசிட் தொட்டி கழுவிய விரலில் ரேகைக்கு எங்கே போவது? நாலாவது தடவை பேங்குக்காரர் சலித்துக்கொண்டபோது, "அந்த வெரல கம்பெனி எடுத்துக்கிச்சிய்யா, இந்தாங்க, இத வேணா வச்சிக்குங்க" என்று இடது கையை நீட்டினாள். அது பளிச்சென்று விழுந்தது. கிராணி அன்றைக்கு ஊர் திரும்பும் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு மறந்துவிட்டார்.

எண்பத்துநாலாம் வருஷம் ஜனவரியில் அவளுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. அவள் தனியாக இருந்த பழைய லயத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையை வருஷ நடுவில் இடிக்கப் போவதாகத் தோட்டத்தில் அறிவித்துவிட்டார்கள். வேலையில் இல்லாதவர்களுக்குப் புது வீடு கிடையாது. பகாவ் டவுனுக்குப் பின்னால் கட்டுகிற தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், மலிவு விலை வீடு ஒன்றுக்கு அவள் பெயர் விழுந்திருந்தது. மார்ச் மாதம் முடிவதற்குள் முதல் பணம் நாலாயிரம் வெள்ளி கட்டிவிட வேண்டும்; ரிங்கிட்டைத்தான் அங்கே வெள்ளி என்பார்கள். பேங்கில் நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து இருந்தது. அந்த வீட்டுக்குள் அவள் மனசால் ஏற்கனவே குடிபோய்விட்டாள். சமையலறை ஜன்னல் கிழக்கே பார்க்கிறது என்று மங்கம்மாவிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

அந்த மாதக் கடைசிக்கு முதல் நாள், வெள்ளைச் சட்டை போட்டு நீல டை கட்டிய ஒருத்தன் மோட்டார் சைக்கிளில் ஆபீசுக்கு வந்தான். நல்ல தமிழ் பேசினான். பேங்கிலிருந்து வருவதாகச் சொல்லி ஏதோ ஒரு பெயரும் சொன்னான். பிற்பாடு போலீசில் கேட்டபோது கிராணிக்கு அந்தப் பெயர் ஞாபகம் வரவில்லை. காலண்டர்தான் ஞாபகம் வந்தது. போர்ட் டிக்சன் கடற்கரைப் படம் போட்ட பேங்க் காலண்டர். வருஷா வருஷம் கேட்டும் பேங்கில் அவருக்குக் கொடுக்காத காலண்டர். "சாருக்குன்னு எடுத்து வச்சேன்" என்று இரண்டு கையாலும் நீட்டினான். நம்முடைய கிராணியை முப்பத்தைந்து வருஷத்தில் யாரும் 'சார்' என்று கூப்பிட்டதில்லை. மனுஷன் குளிர்ந்து போய்விட்டார். அப்போதே ஆணி அடித்து மாட்டினார்.

பேங்கில் கம்பியூட்டர் வரப் போகிறது, பழைய கணக்குப் புத்தகங்களை எல்லாம் மாற்ற வேண்டும், வயதானவர்கள் பஸ் ஏறி அலைய வேண்டாமே என்று பேங்கே வீடு தேடி வருகிறது என்றான். தோட்டத்தில் அந்தப் பேங்கில் கணக்கு வைத்திருந்த வயதானவள் ராக்கம்மா ஒருத்திதான். கிராணியே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் வீட்டைக் காட்டினார்.

அங்கே போனவன் "கிராணி சார்தான் அனுப்பினாரு" என்றான். ராக்கம்மா லேசில் ஏமாறுகிறவள் இல்லை. அவனை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு ஆபீஸ் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். உள்ளே கிராணி தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தார், தலைக்கு மேலே பேங்க் காலண்டர் புத்தம்புதிதாகத் தொங்கியது. கிராணி சுவரில் மாட்டியிருக்கிறார் என்றால் சரியான ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று திரும்பி வந்தாள். புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் நீட்டிய இரண்டு காகிதத்திலும் கைநாட்டு வைத்தாள். இரண்டு வாரத்தில் புதுப் புத்தகம் வந்துவிடும் என்று சொன்னவனுக்கு வரக்காப்பி போட்டுக் கொடுத்தாள், அதுவும் பிஸ்கட்டோடு.

அவன் மறுபடியும் ஆபீசுக்கு வந்தான். கைநாட்டுக்குப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றான். தோட்டத்தில் இது தினமும் நடக்கிற விஷயம். சேமநிதி விண்ணப்பப் பாரம், ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிக்கூடக் காகிதம் என்று யார் எதில் கைநாட்டு வைத்தாலும் 'என் முன்னிலையில் வைத்தது' என்ற வரிக்குக் கீழே கிராணி கையெழுத்துப் போட்டு, தோட்டத்துச் சாப்பை, அதாவது ரப்பர் முத்திரையை, குத்துவார். யாரும் அவர் முன்னால் வந்து வைத்ததில்லை. லயத்தில் வைப்பார்கள், தீம்பார் ரப்பர்க் காட்டில் மரத்தடியில் வைப்பார்கள், காகிதம் மட்டும் ஆபீசுக்கு வந்து சேரும். அன்றைக்கோ மாதக் கடைசி நெருக்கடி, முந்நூறு பேருடைய செக்ரோல் சம்பளக் கணக்கை மூட வேண்டிய நேரம். கிராணி தலை நிமிராமலேயே கேட்டார்.

"ராக்கம்மா வச்சிட்டாளா?"

"வச்சிட்டாங்க சார்."

தராசு முள்ளையே நம்பாத ராக்கம்மாவே வைத்துவிட்டாள் என்றால் அப்புறம் என்ன? கிராணி இரண்டு கையெழுத்துப் போட்டார். இரண்டு சாப்புக் குத்தினார். அவரைப் பார்த்து அவள் நம்பினாள், அவளை நினைத்து அவர் நம்பினார். இரண்டு பேரையும் முழுக்க நம்பியவன் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு வாரம் ஆயிற்று. புத்தகம் வரவில்லை. ராக்கம்மா ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்று, "என்னா கிராணியாரே, ஒங்க கம்பியூட்டருக்குக் காச்சலா" என்று கேட்டாள். கிராணி சிரித்துக்கொண்டே பேங்குக்குப் போன் போட்டார். போனை வைக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஜனவரி முப்பத்தொன்றாம் தேதியே நாலாயிரத்து முந்நூறு வெள்ளியை எடுத்தாகிவிட்டது. கணக்கில் பத்து வெள்ளி மட்டும் மிச்சம்.

அடுத்த பஸ்ஸில் இரண்டு பேரும் பகாவுக்குப் போனார்கள். முதலில் போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் பேங்க். அங்கே துணை மேனேஜராக இருந்தவர் மெய்யப்பன். சிரம்பானில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார் குடும்பம், ரஹாங்கில் வீடு. முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், தன்மையான மனிதர். காகிதங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று பணம் எடுக்கிற பாரம். மற்றொன்று, 'எனக்கு உடம்பு சரியில்லை, இதைக் கொண்டு வருகிறவரிடம் பணத்தைக் கொடுக்கவும்' என்று இங்கிலீஷில் டைப் அடித்த கடிதம். கிராணி இங்கிலீஷ் படித்தவர். அன்றைக்கு ஒரு வரி படித்திருந்தால் போதும்.

"அம்மா, நா ஒங்களுக்குச் சுத்தி வளைக்காம சொல்றேன்" என்றார் மெய்யப்பன். "புத்தகத்த நீங்களே ஒங்க கையால குடுத்திருக்கீங்க. கைநாட்டு ஒங்களுது. சாட்சி கையெழுத்து இருக்கு, எஸ்டேட் சாப்பும் இருக்கு. இதெல்லாம் இருந்தா பேங்க் குடுக்கத்தான் செய்யும். சாட்சி 'நா பாத்தேன்'னு சொன்னாருன்னா, நஷ்டம் ஒங்களோடது. 'நா பாக்கல'ன்னு சொன்னாருன்னா, சாப்பு வச்ச எஸ்டேட்டுதான் பதில் சொல்லணும்."

"பேங்கு எப்பய்யா பதில் சொல்லும்?" என்று கேட்டாள் ராக்கம்மா.

மெய்யப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வியாழக்கிழமை சிரம்பானிலிருந்து பெரிய அதிகாரி விசாரிக்க வருகிறார், இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மேனேஜர் கிராணியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சாப்பு கம்பெனியுடையது, விஷயம் கம்பெனி மேலே வந்தால் அந்தப் பணம் கிராணியின் கணக்கிலிருந்துதான் போகும் என்றார். ஓய்வு பெற இன்னும் பதினாலு மாசம்தானே இருக்கிறது, முப்பத்தாறு வருஷத்துக்கான பணிக்கொடையைப் பற்றி யோசித்துக்கொள் என்றார். 'பார்த்தேன்' என்று ஒரே ஒரு வார்த்தை, அத்தோடு முடிந்தது என்றார். அதைச் சொல்லும்போது குரலை உயர்த்தக்கூட இல்லை.

கிராணிக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. அந்தப் பணிக்கொடையை நம்பித்தான் அவரும் ரஹாங் பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தார். ராக்கம்மா எதிரே வந்தால் வேறு பாதையில் திரும்பினார். அவள் கண்ணைப் பார்க்க அவருக்குத் துணிச்சல் இல்லை. ஓடிப்போனவனை விட்டால், அவர் பார்க்கவில்லை என்பது உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். ஒன்று அவர், மற்றது அவள். அவள் இதுவரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மங்கம்மா ஒரு கட்டு முருங்கைக் கீரையை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ராக்கம்மா குடுத்துட்டுப் போச்சு" என்றாள். "நீங்க சரியா சாப்புட மாட்டேங்கிறீங்களாம், யாரோ சொன்னாங்களாம். நாளைக்கு என்னா சொல்லப் போறீங்கன்னு நா கேக்க மாட்டேன். ஆனா இந்தக் கீரைய நா எப்பிடி ஆக்கிப் போடறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

கீரை அன்றைக்கு ஆக்கப்படவில்லை.

வியாழக்கிழமை பஸ்ஸில் ராக்கம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். மடியில் கைக்குட்டையில் முடிந்த அடையாளக் கார்டு. அவர் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய் உட்கார்ந்தார். அவள் திரும்பி, "மூஞ்ச ஏன் இப்பிடி வச்சிருக்கீங்க, காசு போனது எனக்குத்தான் லா" என்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கிராணிக்கு அழுகை வரும் போலிருந்தது.

சிரம்பான் அதிகாரி என்சே ரஷீத் வயதானவர், அவசரப்படாத ஆள். மலாயில் பேசினார். மெய்யப்பன் தமிழில் சொல்லத் தயாராகப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் கேள்வியே அதுதான். இந்த அம்மா கைநாட்டு வைக்கும்போது இந்தக் கிராணி கூட இருந்து பார்த்தாரா?

மெய்யப்பன் வாயைத் திறப்பதற்குள் ராக்கம்மா, பாசாரில் மீன்காரனோடு பேசுகிற தன்னுடைய மலாயிலேயே பதில் சொல்லிவிட்டாள்.

"கிராணி அடா, துவான். டியா தெங்கோ."

கிராணி இருந்தார் ஐயா, அவர் பார்த்தார் என்கிறாள். கிராணி விலுக்கென்று நிமிர்ந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அதிகாரியையும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த முள்ளையும் கண்ணெடுக்காமல் பார்க்கிற அந்தக் கண்ணுக்குப் பொய் சொல்லும்போது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மெய்யப்பன் குரலைத் தாழ்த்தி, "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. அவரு பாத்தாருன்னா ஒங்க காசு ஒங்களுக்குத் திரும்பக் கெடைக்காது" என்றார்.

"தெரியும்யா. பாத்தாரு."

கிராணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தன் வீட்டை, அந்தக் கிழக்கே பார்த்த ஜன்னலை, ஒரே வார்த்தையில் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர் சும்மா இருந்தால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். ஏதாவது செய்ய வேண்டுமே என்று மேஜைமேல் இருந்த பாரத்தைக் கையில் எடுத்தார். இத்தனை நாளில் இப்போதுதான் அதை உண்மையிலேயே பார்த்தார்.

தன் கையெழுத்துக்குப் பக்கத்தில், நசுங்கிய அட்டைப்பூச்சி மாதிரி ஒரு கறுப்பு. ரேகை இல்லை. ஒரு கோடுகூட இல்லை.

"ராக்கம்மா" என்றார். "எந்தக் கை வச்சே?"

"என்னா?"

"எந்தக் கை?"

அவள் யோசித்தாள். "அந்த ஆளு வலது கைய நீட்டுங்கன்னான். நீட்டுனேன்."

கிராணி எழுந்து நின்றுவிட்டார். எழுபத்தெட்டில் இதே பேங்கில் நடந்ததைச் சொன்னார், மலாயிலும் தமிழிலும் மாறி மாறி. நாலு தடவை விழாத விரல், சோப்பு, கம்பெனி எடுத்துக்கொண்ட ரேகை, எல்லாம். "இவங்க கணக்கு அட்டைய எடுங்க" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் அவளை அவர் 'இவங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கே அது தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

அட்டை வந்தது. அதில் இடது பெருவிரல் ரேகை பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில், இடது பெருவிரல் மட்டும் என்று மலாயில் எழுதி யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என்சே ரஷீத் அட்டையையும் பாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நான் பார்க்கவில்லை, துவான்" என்றார் கிராணி மலாயில். "இந்த அம்மா எனக்காகப் பொய் சொல்கிறார்கள். நான் ஆபீசில் இருந்தேன். காகிதத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இது தப்பு என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும்."

ராக்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கெடுத்தீங்களே காரியத்த."

பெரிய தொகை என்றால் அட்டையோடு ஒத்துப் பார்த்து ஒரு அதிகாரி பாரத்தில் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பேங்கின் சட்டம். பாரத்தின் மூலையில் அந்தச் சின்னக் கையெழுத்து இருந்தது. என்சே ரஷீத் அதன்மேல் விரலை வைத்து, இது யாருடையது என்று கேட்டார்.

"என்னோடது" என்றார் மெய்யப்பன். அவர் முகம் சிவந்துவிட்டது. "சீனப் பெருநாளுக்கு ரெண்டு நாள் முன்ன. கவுண்டர்ல ஒரே கூட்டம். எஸ்டேட் சாப்பப் பாத்தேன். அட்டைய எடுத்துப் பாக்கல."

ராக்கம்மா அவரைப் பார்த்தாள், கிராணியைப் பார்த்தாள். "சாப்பப் பாத்து நீங்க நம்புனீங்க, காலண்டரப் பாத்து நா நம்புனேன். இவரு என்னத்தப் பாத்தாருன்னு இவருக்கே தெரியல" என்றாள். மெய்யப்பன் அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிடுவார் என்று கிராணி நினைத்தார். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். என்சே ரஷீத் சிரிக்கவில்லை, ஆனால் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கிராணி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"ஏன் அப்பிடிச் சொன்னே?"

"காசு போச்சு. அது கூடவே ஒங்க வேலையும் போவணுமா? எனக்கு வீடு இல்லாட்டி மகளோட செண்டாயான் பக்கம் போயி எங்கயாச்சும் சுருண்டுக்குவேன். நீங்க மங்கம்மாவ வச்சிக்கிட்டு எங்க போவீங்க?" கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள்: "நா சொன்னத நீங்க ஒத்துக்கிட்டிருந்தா ஒங்கமேல எனக்குக் கோவமே வந்திருக்காது. அது சத்தியம்."

"அதான் பயமா இருந்திச்சு" என்றார் கிராணி.

மார்ச் மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. பேங்க் தன் பங்குக்கு மூன்றில் இரண்டு பாகம் கொடுக்க ஒத்துக்கொண்டது. மிச்சம் ஒரு பாகம் தோட்டத்தின் பொறுப்பு. தோட்டம் அதைக் கொடுத்தது, கொடுத்த கையோடு கிராணியின் பணிக்கொடையிலிருந்து பிடித்துக்கொள்ளப் போவதாகவும் எழுதியது. மேனேஜர் ஒரு எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்து, சாப்பை வாங்கிச் சின்னக் கிராணியிடம் கொடுத்துவிட்டார். வேலை போகவில்லை. ரஹாங் வீட்டில் ஒரு அறை குறையும், அவ்வளவுதான் என்றாள் மங்கம்மா. அன்றைக்கு முருங்கைக் கீரையைத் தானே போய் வாங்கி வந்து ஆக்கினாள்.

ராக்கம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் நேராக அவர் வீட்டுக்கு வந்து ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் வெள்ளியை மேஜைமேல் வைத்தாள்.

"இது எனக்கு வேணாம். புத்தகத்தத் தூக்கிக் குடுத்தது நானு."

"எடுத்துக்க."

"எடுக்க மாட்டேன்."

"ராக்கம்மா, ஒன் வாளிய இருவத்தொம்போது வருசம் ரெண்டு ரெண்டு தடவ பாத்தேன். ஒரு காகிதத்த ஒரு தடவகூடப் பாக்கல. அதுக்கு வெல இது. என் நஷ்டத்த எங்கிட்டேருந்து புடுங்காத."

வாதத்தில் அவள் தோற்று அவர் பார்த்ததில்லை. பணத்தை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். போய்விடுவாள் என்று நினைத்தார். போகவில்லை. இடுப்பிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து, மடிப்பை நீவி, அவர் முன்னால் வைத்தாள். தாமான் வீட்டுக்கான பாரம்.

"இதுல கைநாட்டு வைக்கணும். பக்கத்துல சாட்சி போடணும்."

கிராணி பாரத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "எங்கிட்ட சாப்பு இல்ல இப்ப. சின்னக் கிராணிகிட்ட போ. அவன் போட்டுக் குடுப்பான்."

"சாப்பு கேக்கலயே நானு. படிச்ச ஆளு யாரு வேணா போடலாமாம், கேட்டுட்டுத்தான் வந்தேன்." மங்கம்மாவிடம் மைப்பெட்டியை வாங்கித் திறந்தாள். இடது பெருவிரலை அழுத்தி ஒற்றினாள். காகிதத்தில் வைக்காமல் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கண்ணாடியப் போடுங்க."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பாரத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அவள் விரலைத் தூக்கிப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வைத்தாள். ரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது.

அவர் பேனாவை எடுத்தார். அவள் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னொருக்கா பாருங்க கிராணியாரே."

அவர் குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.